கோடு மட்டும் போதுமா?

சர்வே வகுப்பில் வெயிலில் சங்கிலி பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? ஃபீல்டு புக்கில் எழுதாதது வரைபடத்தில் வரக்கூடாது. அதுதான் அங்கே சட்டம்.

2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் பாதை வரையலாம். நல்ல விஷயம்தான்! ஆனால் பலர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு இழுப்பதோடு சரி. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையும் அப்படி ஒரு கோடுதான். தாரா, மண்ணா? யாரும் எழுதவில்லை. சைக்கிளுக்கு வழி கேட்டால், மென்பொருள் ஒரு ஊகத்தில் அதையே காட்டுகிறது. அரசு கொடுத்த சைக்கிளில் என் தங்கை பள்ளிக்கூடம் போக வேண்டிய திசை அது.

கைநாட்டு வைக்கும் என் அப்பாவைக் கேட்டேன். பால் கேன் கட்டிப் பத்து வருஷம் அந்தக் கரையில் சைக்கிள் மிதித்தவர்.

"கரிசல்டா. மழை பேஞ்சா மூணு நாளைக்குச் சக்கரம் சுத்தாது. மடைகிட்ட இறங்கித் தள்ளணும்."

எந்தச் செயற்கைக்கோளுக்கு இது தெரியும்? நேரில் போய்ப் பார்த்து, தரை மண் என்றும், மடையருகே இறங்கித் தள்ள வேண்டும் என்றும் பதிந்தேன். அதற்கெல்லாம் அதில் இடம் இருக்கிறது.

செல்போனை வாங்கிப் பார்த்த அப்பா, "கிழக்கால ஒரு வண்டிப்பாதை போகுமே, அதக் காணோம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அதில் போகிறோம்.