கழன்று வந்த கை

அப்பாவின் சாய்வு நாற்காலியின் வலது கை உடைந்தபோது, பசையை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். எபாக்ஸிப் பசை. ஒரே அட்டையில் இரண்டு குழாய்கள்; ஒன்றில் ரெசின், மற்றதில் ஹார்டனர். கூடவே மடித்து வைத்திருந்த தமிழ்க் குறிப்பை மொழிபெயர்த்தவனும் நானே. மாதிரிக்கென்று எனக்கு வந்த பெட்டி அது. "எல்லாம் தமிழ்ல இருக்குண்ணே, படிச்சுட்டே ஒட்டிடலாம்" என்று தச்சரிடம் கொஞ்சம் பெருமையாகவே நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். உடைந்த ஒரு முனையில் ரெசினைத் தடவினார், மறுமுனையில் ஹார்டனரை. இரண்டையும் வைத்து அழுத்தி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மறுநாள் சாயங்காலம் கயிற்றை அவிழ்த்து உட்கார்ந்த அப்பா, கையை ஊன்றி எழுந்தார். நாற்காலியின் கை அவர் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, விழவில்லை. உடைந்த வாயில் பலாப்பால் மாதிரி நூல் இழுத்தது.

"இணைக்கவும்னுதானே தம்பி போட்டிருக்கு? மைக்கா ஒட்டுறப்ப ரெண்டு பக்கமும் தடவித்தானே அழுத்துறோம்?"

அப்படித்தான் போட்டிருந்தது. ஆங்கிலத்தில் மூன்று தனிச்சொற்கள்: குழாய்களில் உள்ளதைக் 'கம்பைன்' செய், உடைந்த பரப்புகளை 'ஜாயின்' செய், கடைசியில் பாகங்களை 'அசெம்பிள்' செய். மூன்றுக்கும் நான் 'இணைக்கவும்' என்றே எழுதியிருந்தேன். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு ஒரு சொல் கைக்கு வாகாகிவிட்டால் போதும், வேலை ஓடிவிடும். எபாக்ஸியோ, இரண்டும் முழுக்கக் கலந்து வேதிவினை நடந்தால்தான் கல்லாகும். தனித்தனியே தடவினால் தொடுகிற இடத்தில் கொஞ்சம் இறுகும், மீதி பிசுபிசுப்பாகவே நிற்கும்.

அன்றிரவு அகராதியோடு உட்கார்ந்தேன். 'கம்பைன்' லத்தீனிலிருந்து வந்தது. இரண்டிரண்டாகச் சேர்ப்பது என்று பொருள். 'அசெம்பிள்' என்பது ஓரிடத்தில் கூட்டுவது. சட்டசபைக்கும் கார்த் தொழிற்சாலைக்கும் அதே சொல் பொருந்துவது அதனால்தான். 1913-ல் ஹென்றி ஃபோர்டு ஹைலண்ட் பார்க்கில் நகரும் வரிசையை ஏற்படுத்தியபோது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த கார் பூட்டும் வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. அங்கே எதுவும் எதிலும் கரையவில்லை. எல்லாம் பூட்டப்பட்டவை, வேண்டுமானால் கழற்றிவிடலாம்.

கழற்றலாமா? அங்கேதான் எனக்கு உறைத்தது. தமிழில் இந்த வினைகள் பலவற்றுக்கும் எதிர்வினை கையோடு இருக்கிறது. பூட்டினதைக் கழற்றலாம். முடிந்ததை அவிழ்க்கலாம். கோர்த்ததை உருவலாம். தைத்ததைப் பிரிக்கலாம். பிசைந்ததற்கும் குழைத்ததற்கும் மட்டும் அப்படி ஒன்று கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது ஒரு சொல்லைப் போடுமுன், மறுபடி பிரிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். இதனால் வேலை மந்தமாகிவிட்டது, பழைய எழுத்தெல்லாம் உறுத்துகிறது. உதாரணத்துக்கு, 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காயின. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள் போனது. ஆங்கிலத்தில் அதற்கு 'அமால்கமேஷன்' என்று பெயர், பாதரசத்தோடு வேறு உலோகம் சேர்ந்த கலவையின் பெயரிலிருந்து வந்தது. தமிழில் 'இணைப்பு' என்றோம். இணைத்த ரயில் பெட்டியை அடுத்த ஜங்ஷனில் கழற்றிவிடலாம். அலகாபாத் வங்கியை எந்த ஜங்ஷனில் கழற்றுவது? 'கரைந்தது' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் எந்த அலுவலகமும் ஏற்காது என்பது வேறு விஷயம்.

பசைக் குறிப்பைத் திருத்தி அனுப்பினேன். 'இரண்டையும் சம அளவு பிதுக்கி, ஒரே நிறமாகும்வரை குழைக்கவும். குழைத்ததை உடைந்த இரு முனைகளிலும் தடவி ஒட்டவும்.' ஒரு பிரதியைத் தச்சரிடமும் கொண்டுபோனேன். அவர் அந்த நாற்காலிக் கையைத்தான் மடியில் வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் பழைய பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாங்கி, தூர நீட்டிப் பிடித்துப் படித்தார்.

"இது புரியுது தம்பி. ஆனா எழுத்து ரொம்பப் பொடிசு."