1991 ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாக்கி



கப்பல் பயணப் படங்களைப் பார்த்துவிட்டு, "கிரீஸ்ல என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் 1991-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஒரு பாக்கி இருக்கிறது.

அன்றைக்கு நல்ல மழை. பாதிப் பேர்தான் வந்திருந்தீர்கள். பாடம் வேண்டாம் என்று கதை சொன்னேன். நடுக்கடலில் ஒரு தீவு, எரிமலை வெடித்தது, ஊரே சாம்பலில் புதைந்தது. ஏதோ வாரப் பத்திரிகையில் படித்தது. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர், "ஒருத்தர்கூடத் தப்பிக்கலையா டீச்சர்?" என்று கேட்டாள். "ஒருத்தர்கூட இல்லை" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. கதை அப்படி முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அன்று மதியம் அவள் சத்துணவுத் தட்டைத் தொடவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தத் தீவுதான் சாண்டோரினி. மகனும் மருமகளும் அழைத்துப்போன கப்பல் ஒரு பகல் அங்கே நின்றது. நின்ற இடமே எரிமலையின் வாய்தான். வெடித்து உள்ளே இறங்கிய பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கிறது. ஆழம் 300 மீட்டருக்கும் மேல் என்பதால் சிறு படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதையில் பஸ். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லோரும் வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் பார்க்கப் போனார்கள். நான் அக்ரோத்திரிதான் போக வேண்டும் என்றேன். "வெயில்ல கல்லைப் பார்க்கப் போறீங்களா அத்தை?" என்று சிரித்தாலும் மருமகள் கூடவே வந்தாள்.

வெயிலே இல்லை. ஊர் முழுவதற்கும் ஒரே கூரை போட்டிருக்கிறார்கள். முன்பு போட்ட கூரை 2005-ல் ஒரு பகுதி இடிந்து, பார்க்க வந்த ஒருவர் இறந்துபோனார். மறுபடி திறந்தது 2012-ல். மேடை மேல் நடந்துகொண்டே கீழே பார்க்கலாம். சுமார் 3600 வருஷத்துக்கு முந்தைய தெரு. இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள். ஒரு வீட்டில் மாடியில் கழிப்பறை. அதிலிருந்து குழாய் சுவருக்குள் இறங்கித் தெருவுக்கு அடியில் ஓடும் சாக்கடையில் சேர்கிறது. நம் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

அதே வீட்டில்தான் இரண்டு கையிலும் கொத்துக் கொத்தாக மீன் பிடித்து நிற்கும் பையனின் சுவரோவியம் கிடைத்ததாம். அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழிகாட்டிப் பெண் படத்தில் காட்டினார். நம் கடற்கரையில் ஏலம் போடும் நேரத்தில் பார்க்கும் பையன்களேதான்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். செத்தவர்களின் எலும்புகள் எங்கே?

கிடைக்கவில்லை என்றார். ஸ்பிரிடோன் மரினாடோஸ் 1967-ல் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, அந்த வெடிப்பில் இறந்தவர் என்று சொல்ல ஓர் உடல்கூட இங்கே கிடைக்கவில்லை. 1999-ல் கிடைத்த சின்னத் தங்க ஆட்டுப் பொம்மை தவிர நகைநட்டும் இல்லை. முதலில் பூகம்பம் வந்திருக்கிறது. இடிபாடுகளைத் தெருவோரம் குவித்துவிட்டு, கட்டில்களை வெளியே எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். மரம் மக்கிப்போய் சாம்பலில் அச்சு மட்டும் இருந்தது. அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த கட்டிலைப் பார்த்தேன். நம் வீட்டுக் கட்டில் உயரம்தான். வீட்டைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே மலை மறுபடி எச்சரித்திருக்கிறது. கைக்கு அடங்குவதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தானியம் வைத்த பெரிய பெரிய சால்கள் மட்டும் வைத்தது வைத்தபடி நிற்கின்றன.

எங்கே போனார்கள், கரை சேர்ந்தார்களா என்பது தெரியாது. ஊரிலும் கொஞ்சப் பகுதிதான் தோண்டியிருக்கிறார்கள். ஆனாலும் "ஒருத்தர்கூட இல்லை" என்று நான் சொன்னது தப்பு.

இனி சாப்பாடு. நான் சைவம் என்பதால் மகன் பயந்துகொண்டே ஒரு சின்ன உணவகத்துக்குக் கூட்டிப்போனான். முதலில் வந்தது ஃபாவா. மஞ்சள் பருப்பை வெங்காயத்தோடு குழைய வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, பச்சை வெங்காயம். பார்த்தால் நம் பருப்புக் கடைசல், தாளிப்பு மட்டும் இல்லை. நம் கேசரிப் பருப்புக்குப் பங்காளி முறையாம் அந்தச் செடி. அந்தச் சாம்பலுக்கு அடியிலும் இதே பருப்பு கருகிப்போய்க் கிடைத்திருக்கிறது. தக்காளி வடை ஒன்று தந்தார்கள். அந்த ஊர்க் குட்டித் தக்காளிக்குத் தண்ணீரே பாய்ச்சுவதில்லை, எரிமலை மண் பிடித்து வைக்கும் பனி ஈரத்திலேயே விளைகிறது. ருசி நாக்கைப் பிடித்து இழுத்தது. கத்திரிக்காய் வெள்ளையாக இருந்தது, நம் ஊர்க் கத்திரிக்காய்க்கு அது ஈடாகாது.

பரிமாறிய அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். 2025 பிப்ரவரியில் அங்கே நாள் தவறாமல் நிலம் அதிர்ந்து, ஆயிரக்கணக்கான பேர் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டுக் கிளம்பினார்களே, அவரும் ஏதென்ஸிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர். "என்ன எடுத்துப் போனீங்க?" என்று மகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். மாத்திரை, கண்ணாடி, புருஷனின் போட்டோ. ஊறப்போட்ட பருப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனாராம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அந்த நாற்றம்தான் வரவேற்றது என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தச் சால்கள் ஞாபகம் வந்தன.

அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுதவில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள் என்பதோடு எனக்குத் தொடர்பு விட்டுப்போயிற்று. உங்களில் யாருக்காவது அவள் நம்பர் தெரிந்தால், அவளிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனியாக அனுப்புங்கள். அரைக் கிலோ ஃபாவா வாங்கி வந்திருக்கிறேன். அவள் வீட்டுக்கு வந்தால் கடுகு, காய்ந்த மிளகாய், பூண்டு போட்டு நம் முறையில் தாளித்துப் போடுகிறேன். மற்றவர்களும் வரலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள், அரைக் கிலோதான் இருக்கிறது.