கையெழுத்தின் விலை

டான் பிராட்மேன் 2001இல் தமது 92ஆம் வயதில் மறைந்தார். அடிலெய்டில் அவர் வீட்டுக்கு வந்து குவிந்த ரசிகர் கடிதங்களுக்கு முதுமையிலும் பதில் எழுதிக்கொண்டிருந்தவர். சராசரி 99.94 என்பதைப் போலவே இந்தப் பொறுமையும் எனக்கு வியப்பளிப்பது. அப்பதில்களில் பல பின்னர் ஏலத்தில் கைமாறின.

மட்டையில் இட்ட கையொப்பத்தை விற்பது என்னை உறுத்துவதில்லை. அது கூட்டத்துக்குத் தரப்பட்டது. அதில் ரகசியம் ஏதுமில்லை. கடிதம் அப்படியல்ல. 1741இல் கவிஞர் அலெக்சாண்டர் போப், பதிப்பாளர் கர்ல் மீது தொடுத்த வழக்கில், தாள் பெற்றவருக்கு, சொற்கள் எழுதியவருக்கு என்று இங்கிலாந்து நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. ஆனால் சந்தையில் ஒரு வீரரின் கடிதத்துக்கு விலை ஏறுவது தாளால் அல்ல. தன் நோயையோ, சக ஆட்டக்காரர் மீதான கசப்பையோ அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லிய வரியால்தான். எவ்வளவு அந்தரங்கமோ அவ்வளவு விலை.

வறுமையில் விற்பவரை நான் பழிக்கமாட்டேன். விற்கட்டும், அந்த வரியை விளம்பரமாக்காமல் விற்கட்டும். விலை குறையும்தான். குறைகிற அந்தத் தொகைதான், நம்பி எழுதியவரிடம் கடிதம் பெற்றவர் பட்ட கடன் என்று நினைக்கிறேன்.