ஊரில் காத்திருக்கும் பாக்கி

வருமான வரிப் பாக்கியோடு அயல்நாடு சென்ற நம்மவரில் பலர், காலம் கடந்தால் அது தானே மறைந்துவிடும் என எண்ணுகின்றனர். அதிகாரிகள் ஜித்தா வந்து கதவைத் தட்டப் போவதில்லை, அதற்குத் தேவையுமில்லை. திருவண்ணாமலையில் நம் பெயரில் வங்கிக் கணக்கும் மனையும் இருக்கின்றனவே!

என் உறவினர் ஒருவர், வைப்புத்தொகை வட்டியில் பிடித்த வரியைத் திரும்பக் கோரினார். பல்லாண்டுக்கு முந்தைய பாக்கியில் அத்தொகை கழிக்கப்படும் என்ற அறிவிப்பே வந்தது. மறுப்புத் தெரிவிக்கலாம், ஆனால் வரி செலுத்திய ரசீது வேண்டும். அதை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? பாக்கிக்கு மாதந்தோறும் நூற்றுக்கு ஒன்று வட்டி வேறு.

2009-10 வரையிலான பாக்கிகளில் 25,000 ரூபாய் வரையிலும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையிலும் உள்ளவற்றைக் கைவிடுவதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. அவற்றுள் சில 1962ஆம் ஆண்டைச் சேர்ந்தவை! பெரிய தொகைகளுக்கு அச்சலுகை இல்லை.

வரி செலுத்த வேண்டியவர் மௌத்தானால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளே பொறுப்பு. கடனைத் தீர்த்த பின்னரே பங்கு என்பது நம் மார்க்கச் சட்டமுமாகும். ஆகவே மர்ஹூம் அத்தாவின் மனையைப் பிரிக்குமுன் அவருடைய பான் எண்ணைத் தேடி எடுங்கள். வாரிசாகப் பதிவு செய்துகொண்டால், வருமான வரித்துறை இணையதளத்தில் அவர் கணக்கை அயல்நாட்டிலிருந்தே பார்க்க இயலும்.