தைப்பனியும் பதிமூன்று கண் பாலமும்

நேற்று விடியற்காலை பால் வாங்கக் கிளம்பும்போது நல்ல வாடை. கைபேசியில் பார்த்தால் 22 டிகிரி. இதற்கே நம் தெருவில் பாதிப் பேர் மப்ளரும் குரங்குக் குல்லாவுமாகத்தான் நடமாடுகிறார்கள். நானும் என் குல்லாவைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு ஜோடி கறுப்புக் கம்பளிக் கையுறை கிடந்தது. விரல் நுனிகளைக் கத்தரியால் வெட்டிய கையுறை. வலது கையில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. மைதா பசை. குல்லாவை மறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

2018 நவம்பரில் நானும் மனைவியும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில். முதல் இரண்டு வாரம் கோயில், கடை, மகனின் நண்பர்கள் வீடு என்று ஓடிற்று. டிசம்பர் வந்ததும் வாசற்கதவு சாத்தியதுதான். நாலு மணிக்கே இருட்டிவிடும். வீட்டுக்குள் 20 டிகிரிக்குக் குறையாமல் ஹீட்டர் ஓடினாலும் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். மனைவி தினமும் காலையில் அதை வெந்நீரில் இறக்கி வைத்து, "நம்மூர்ல மார்கழியில உறையும், இங்க எந்நேரமும் மார்கழிதான்" என்பாள். அவளுக்குச் சமையலறை இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் என்பது இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். திருநெல்வேலி - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணியை ஒட்டியே பல வருஷம் கழிந்தது. நேப்பர்விலில் மகன் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் மூன்று தண்டவாளப் பாதை. சரக்கு வண்டி ஊதுகிற சத்தம் ராத்திரியில் நன்றாகக் கேட்கும். மகன் கடைக்குப் போகும்போது அந்த கேட்டில் காரை நிறுத்தினால், நான் வேகன்களை எண்ணுவேன். நூறைத் தாண்டிப் போகும். எனக்கு அங்கே கிடைத்த பொழுதுபோக்கு அது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு தடவை.

ஒருநாள் பேரனுக்குப் புது ஷூ வாங்கி வந்தார்கள். ஒன்பது வயது. காலி அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடப்போனான். வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் அதை வெட்டி மடக்கினேன். விடிந்தபோது ஒரு ஸ்டேஷன் நின்றது. ஓட்டுக்கூரை, டிக்கெட் ஜன்னல், பிளாட்பாரம். பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா, இது எந்த ஸ்டேஷன்?" என்றான். "கல்லிடைக்குறிச்சி" என்றேன். அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் பழகிச் சொன்னான்.

மகன் கடையிலிருந்து மாதிரி ரயில் தண்டவாளம் வாங்கி வந்தான். ஒன்றுக்கு 87 என்ற அளவு. அதில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். அது அவர்கள் நாட்டு ஸ்டாண்டர்டு கேஜ் கணக்கு. நம் மீட்டர் கேஜுக்குப் பதினொன்றரைதான் வரவேண்டும். "அஞ்சு மில்லிமீட்டர்தானேப்பா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். எனக்குத் தெரியுமே. தண்டவாளத்தைப் பிரித்தெடுத்து, காப்பி கலக்குகிற மரக்குச்சிகளை நறுக்கி ஸ்லீப்பர் கட்டை ஆக்கி, ஒவ்வொன்றாக ஒட்டினேன். நிலவறையில் ஃபர்னஸ் பக்கத்தில் ஒரு பழைய மேசை. அதுதான் என் ஜங்ஷன். கைகாட்டி மரம் வைத்தேன். செம்புக் கம்பியை வளைத்து டோக்கன் வளையம் செய்தேன். அங்கே ஹீட்டர் காற்று வறண்ட காற்று. ஒட்டிய மரக்குச்சி சுருங்கி மறுநாளே விட்டுக்கொள்ளும். நம்மூரில் ஐப்பசியில் அட்டை ஊறி உப்பும், அங்கே காய்ந்து சுருளும். மறுபடி ஒட்டுவேன். நேரம் போயிற்று. அதுதானே வேண்டியிருந்தது.

ஜனவரிக் கடைசியில் வடதுருவத்துக் குளிர்காற்று அப்படியே இறங்கி வருகிறது என்று டிவியில் சொல்லத் தொடங்கினார்கள். 29ஆம் தேதி ராத்திரி படுத்திருந்தேன். வெளியே துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு வெடிச் சத்தம். மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மகனை எழுப்பினோம். அவன் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பயப்படாதீங்க. மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி திடீர்னு உறைஞ்சு தரை வெடிக்குது."

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருக்கும். மண்ணுக்கு இடம் போதாமல் பிளந்துகொள்கிறது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வெறும் பேச்சு என்றே நினைத்திருந்தேன். அன்றைக்குத் தேதியைக் கூட்டிப் பார்த்தேன். தை பிறந்து பதினைந்தாம் நாள்.

30ஆம் தேதி காலை மகன் போனில் மைனஸ் 23 என்று இருந்தது. அது அவர்கள் கணக்கு. நம் கணக்கில் மைனஸ் 31. காற்றோடு சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 45க்கும் கீழே தெரியும் என்றார்கள். ஜன்னல் சட்டத்தின் உள்பக்கமே பனிக்கட்டி. பள்ளிக்கூடம் இரண்டு நாள் லீவு. தபால்காரர் வரவில்லை. மகன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். சிகாகோவிலிருந்து புறப்படும் ஆம்ட்ராக் வண்டிகள் எல்லாம் ரத்து. இத்தனை வருஷ உத்தியோகத்தில் மழை வெள்ளத்துக்கு வண்டி நின்று பார்த்திருக்கிறேன். குளிருக்கு நின்று பார்த்ததில்லை.

அதைவிட ஆச்சரியம் டிவியில் காட்டியது. சிகாகோவின் புறநகர் ரயிலான மெட்ராவின் தண்டவாளம் தீப்பற்றி எரிகிறது. அதன் மேலேயே வண்டி போகிறது. பேரன் அலறினான். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டது. பாயின்ட்டில் பனி இறுகி மாறாமல் போகாதபடி, அவர்களே பக்கத்தில் எரிவாயுத் தீ மூட்டி வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் சுருங்கி இணைப்பு விட்டுப்போனாலும் தீ வைத்து நீட்டித்தான் திரும்பப் பூட்டுகிறார்கள்.

அவனுக்கு நிலவறை மேசையில் வைத்து விளக்கினேன். நம்மூரில் கத்திரி வெயிலில் தண்டவாளச் சூடு 60 டிகிரியைத் தொடும். இரும்பு நீளும். அதனால்தான் இரண்டு துண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டு பிஷ் பிளேட் போட்டிருப்போம். அந்த இடைவெளியில் சக்கரம் விழுவதுதான் 'தடக் தடக்'. இடைவெளி போதாமல் போனால் பாதை பாம்புபோல் நெளியும். நம் கேங்மேன்கள் மே மாத மத்தியானத்தில் அதைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். 60 டிகிரிக்கும் மைனஸ் 30க்கும் வித்தியாசம் 90. பன்னிரண்டு மீட்டர் தண்டவாளம் ஒன்று பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போடச் சொன்னேன். பேரன் போட்டான். ஒரு மீட்டருக்கு மேல் வந்தது. அவன் என்னை அன்றுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான் என்று தோன்றிற்று.

சரி, வேலையைத் தொடரலாம் என்று பசையைத் தேடினால், நான் அதைக் கார் நிறுத்துகிற இடத்தில் விட்டிருந்தேன். உறைந்து, கரைத்தாலும் திரிதிரியாகப் போய்விட்டது. கடைக்குப் போக முடியாது. மனைவி ஒன்றும் பேசாமல் இரண்டு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிண்டிக் கொடுத்தாள். சினிமா போஸ்டர் ஒட்டுகிற பசை. கொழுக்கட்டை மாவு மாதிரி மணம். ஃபர்னஸ் ஓயாமல் ஓடியும் நிலவறையில் விரல் விறைத்தது. கையுறையின் நுனியை வெட்டிக்கொண்டது அன்றுதான்.

மத்தியானம் மகன் காப்பியோடு இறங்கி வந்தான். மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கல்லிடைக்குறிச்சி, வயல், ஆற்றுக்குப் பச்சைத் துணி, அக்கரையில் அம்பாசமுத்திரம்.

"பதிமூணு கண் பாலம் கிடையாதாப்பா?" என்றான்.

"அது செங்கோட்டைக்கு அந்தப் பக்கம்லா. கழுதுருட்டிகிட்ட. இங்க எங்க இடம்?"

"தெரியும். நான் பார்த்ததில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஊர்ல எல்லாருக்கும் கொடி காட்டி அனுப்புனீங்க. எங்கள ஒரு தடவை ஏத்திக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது. அவன் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கி எத்தனை தடவை கேட்டிருப்பான். செங்கோட்டையிலிருந்து மலையேறுகிற வண்டிக்குப் பின்னால் ஒரு இன்ஜின் முட்டுக் கொடுத்துத் தள்ளும், ஆரியங்காவுக் குகைக்குள் இருட்டாகும், அப்புறம் கருங்கல்லில் பதிமூன்று வளைவு என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். கையில் குடும்பப் பாஸ் இருந்தது. "லீவு கிடைக்கல" என்பேன் ஒவ்வொரு தடவையும். குற்றால சீசனில் கூட்டம், அந்த மாதம் ஆள் பற்றாக்குறை, இன்னொருவர் வீட்டில் விசேஷம். 1904இல் திறந்த பாதை அது. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடியது. நான் ஓய்வு பெற்றதும் அதே வருஷம்தான். இனி அந்த வண்டியில் அவனைக் கூட்டிப்போக முடியாது.

"லீவு கிடைக்கல்ல..." என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். பேரன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்திக்கொண்டேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்.

"கிடைக்கலன்னு சொன்னது பாதிதான் நெசம். நான் கேக்கவே இல்ல. அவர் இருந்தா வண்டி தவறாதுன்னு நாலு பேர் சொல்லணும். அது எனக்குப் பெருசா இருந்துச்சு."

மகன் பதில் பேசவில்லை. காப்பியைக் குடித்து முடித்தான். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாலம் எத்தனை நீளம் இருக்கும்?" என்றான்.

"சுமார் நூறு மீட்டர்."

"அப்ப இதுல நூத்திப் பதினஞ்சு சென்டிமீட்டர். வயலை எடுத்துட்டா இடம் வரும்."

வயலை எடுத்தோம். அட்டையில் அவன் வளைவு வரைந்தான். பேரன் வெட்டினான். நான் பசை தடவினேன். கருங்கல்லுக்கு முட்டை அட்டையைக் கூழாக்கிப் பூசியது பேரனின் யோசனை. அன்று ராத்திரியும் மறுநாளும் அதே வேலை. மேலே மைனஸ் 29 என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏழாவது கண்ணில் இருந்தோம். மனைவி சுக்குக் காப்பியும் கொள்ளு ரசமுமாக இறக்கிக்கொண்டே இருந்தாள். நாலு பேரும் ஒரு மேசையைச் சுற்றி அத்தனை நேரம் உட்கார்ந்தது எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் நடந்ததில்லை. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் நான் பகலில் தூங்குவேன், இல்லையென்றால் டியூட்டியில் இருப்பேன்.

பிப்ரவரி 4ஆம் தேதி வெயில் அடித்து 10 டிகிரி ஆகிவிட்டது. ஐந்து நாளில் 40 டிகிரி ஏற்றம். கூரையிலிருந்து பனி ஒழுகிற்று. மகன் ஆபீஸுக்குப் போனான், பேரன் பள்ளிக்குப் போனான். பாலத்தில் பதிமூன்றாவது கண் மட்டும் பாக்கி. நான் ஒட்டவில்லை. சனிக்கிழமை வரை காத்திருந்து மூன்று பேருமாக ஒட்டினோம்.

அந்தப் பாதை 2018இலேயே அகலப்பாதையாகி முழுதும் திறந்துவிட்டது. ஆனால் மகனுக்கு வரத் தோது இல்லை. அப்புறம் கொரோனா. 2023 ஜூலையில், குற்றாலத்தில் சாரல் விழுகிற சமயத்தில்தான் வந்தார்கள். செங்கோட்டையில் கொல்லம் பாசஞ்சரில் ஏறினோம். எனக்கு இப்போது லீவு கேட்க வேண்டியதில்லை. வண்டி குகையைத் தாண்டி, மெதுவாகப் பாலத்தின் மேல் ஊர்ந்தது. பேரனுக்குப் பதிமூன்று வயது. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தான்.

"பாலம் எங்க தாத்தா? ஒண்ணுமே தெரியலையே."

மேலே போகிறவனுக்கு வளைவு எப்படித் தெரியும்? தென்மலையில் இறங்கி, பஸ் பிடித்து, ரோட்டு வழியாகத் திரும்பி வந்து பார்த்தோம். மழைத் தூறலில் மகன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, பள்ளிப் பையன் மாதிரி விரல்விட்டுச் சத்தமாக எண்ணினான். பதிமூன்று.

"நம்ம பாலத்துல வளைவு இன்னும் கொஞ்சம் உயரமா வச்சிருக்கணும்ப்பா" என்றான்.

"அடுத்த தடவை பிரிச்சு ஒட்டுவோம்" என்றேன்.

அந்த மேசை இன்னும் நேப்பர்வில் நிலவறையில்தான் இருக்கிறது. கையுறையை மறுபடி பெட்டியிலேயே வைத்துவிட்டேன். 22 டிகிரிக்கு அது தேவைப்படாது.