பரணில் தூங்கும் சூப்பர்சார்ஜர்

போன ஞாயிறு எங்கள் செம்பூர் வீட்டில் பரண் ஒழிக்கும் படலம். ஸ்டூல் மேல் நான், கீழே தங்கமணி. பழைய பேப்பர், உடைந்த மிக்ஸி ஜார், பொங்கலுக்கு மட்டும் இறங்கும் வெண்கலப் பானை எல்லாம் வந்தபின், பழைய வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டையும் வந்தது. "இந்த இரும்பு இன்னும் இருக்கா?" என்றாள். இரும்பு இல்லை, அலுமினியம் என்று திருத்த வாய் வந்தது. ஸ்டூலைப் பிடித்திருந்தது அவள் கை என்பதால் அடக்கிக்கொண்டேன் :-)

அந்த மூட்டைக்குள் இருப்பது ஒரு சூப்பர்சார்ஜர். கொசுவத்தி சுத்த ஆரம்பிக்கிறேன், மக்களே.

மாதுங்காவில் எனக்கு ஒரு நண்பர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாக பம்பாய். அவருடைய அப்பா இளமையில் மெட்ராஸில் வேலை பார்த்தவர். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயங்களை வெயிலில் நின்று பார்த்து, வாழ்நாள் முழுக்க அதையே பேசியவர். ஓய்வு பெற்றதும் சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டு அவர் வாங்கியது 'ஸான் ஸ்டார்ம்'. நம் நாட்டிலேயே தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் உடம்பு, துணிக்கூரை, ரெனோவின் 1149 சிசி இன்ஜின். பார்க்கப் புலி, திறன் 60 குதிரைதான். "இதுக்கு ஒரு சூப்பர்சார்ஜர் மட்டும் இருந்தால்..." என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். 2021ல் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி உறை போட்டபடி நின்றது.

எனக்கும் பொட்டி தட்டும் வேலைதான், ஆனால் இயந்திர பாகங்களுக்குப் படம் வரையும் பொட்டி. கோவில்பட்டியிலிருந்து மும்பை வந்து இருபது வருடம் படமாகவே வரைந்து தள்ளியவனிடம் நண்பர் வந்து, "அப்பா ஆசையைச் செய்து பார்ப்போமா?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?

செய்வதற்கு முன் ஒன்றைப் பேசி வைத்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியில் கை வைக்கக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை உள்ளே போகவும் இடமுண்டு. ஆகவே மாட்டியபிறகு சாலையில் ஒரு அடிகூட ஓட்டுவதில்லை; லாரியில் ஏற்றி கோவை கரி ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டுபோய் ஓட்டுவது என்று ஒப்பந்தம். (லாரி வாடகை விசாரிக்காமல் போட்ட ஒப்பந்தம். பிறகு விசாரித்தோம். அவ்வ்வ்வ்.)

சாமான் ஷார்ஜாவிலிருந்து நண்பரின் மைத்துனர் பெட்டியில் வந்தது. ஐசின் ஏஎம்ஆர் 500. ஜப்பான்காரன் சின்ன இன்ஜின்களுக்காகச் செய்தது. உள்ளே இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் சுழலும். ஒரு சுற்றுக்கு 500 சிசி காற்றைத் தள்ளும். கணக்கு ரொம்ப எளிது. 1149 சிசி இன்ஜின் இரண்டு சுற்றில் ஒருமுறை முழுதாக மூச்சு இழுக்கும், அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 575 சிசி. இன்ஜின் ஒன்று சுற்றினால் சார்ஜர் ஒன்றரை சுற்றும்படி புல்லி போட்டால் 750 சிசி வரும். 575 கொள்ளும் இடத்தில் 750ஐத் திணிப்பதுதான் பூஸ்ட். கசிவு, சூடு எல்லாம் கழித்தால் நாலு பிஎஸ்ஐ தேறும். டயருக்கு முப்பது அடிக்கிறோமே, நாலு எம்மாத்திரம் என்று தோன்றும். சுருக்கிய காற்று சூடாகும், சூட்டில் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்கும், பிஸ்டன் பொத்தலாகும். காற்றுக்கேற்ற பெட்ரோலும் போகவேண்டும். வண்டியின் சொந்த அழுத்த சென்சாருக்கோ வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் படிக்கத் தெரியாது. அதனால் இன்ஜின் கம்ப்யூட்டரின் காதில் ஓதிக்கொண்டே இருக்க இன்னொரு குட்டிப் பெட்டி. அதற்கே மூன்று வார இரவுகள் போயின. விவரித்தால் தூங்கிவிடுவீர்கள்.

உண்மையான தலைவலி, இந்த சார்ஜரை இன்ஜினோடு எதில் கட்டுவது என்பது. இந்தக் காருக்கென்று ரெடிமேட் பிராக்கெட் எங்கும் விற்பதாகத் தெரியவில்லை. நாமே செய்யவேண்டும். அப்படித்தான் தாராவிக்குப் போனேன்.

90 அடி சாலையிலிருந்து மாதுங்கா லேபர் கேம்ப் பக்கம் திரும்பினால், மும்பை சட்டென்று திருநெல்வேலி ஆகிவிடும். டீக்கடையில் 'ஏலே'. சந்துக்குள் ஒரு கடைசல் பட்டறை. லேத் ஒன்று, டிரில் ஒன்று, வெல்டிங் செட் ஒன்று, நிற்க ஒரு ஆளுக்கு இடம். அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வேட்டி மூட்டையைப் பிரித்து சார்ஜரைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் புல்லியைச் சுற்றினார், வாயில் உள்ளங்கையை வைத்து ஊதுகிறதா என்று பார்த்தார்.

"இது நம்ம உலைக்கு ஊதுத ப்ளோயர்லா தம்பி? சின்னதாக்கி வச்சிருக்கானுவ."

ஙே என்று முழித்தேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற பெயருள்ள அண்ணன் தம்பி 1860ல் காப்புரிமை வாங்கிய இந்த உருளை இயந்திரம், வார்ப்பட உலைக்குக் காற்று ஊதித்தான் பிழைத்தது. காருக்கு வந்ததெல்லாம் பிறகு. நான் இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அண்ணாச்சி இளமையில் அலுமினியம் உருக்கும் பட்டறையில் அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

என் படத்தை நீட்டினேன். இரண்டு நூல் பிளேட், அதாவது கால் இஞ்சு. ஒரு பக்கம் மட்டும் இன்ஜினில் பிடிக்கும்.

"பத்தாது தம்பி. நாலு நூல் போடுங்க. பின்னாடி ஒரு தாங்கு குடுங்க. ஒரு பக்கம் மட்டும் புடிச்சா ஆடும்லா."

"இல்ல அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல லோடு குடுத்துப் பாத்தாச்சு. தாங்கும். எடை கூடாம இருக்கணும்."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சரி, நீங்க படிச்சவிய." அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். படத்தில் உள்ளபடியே, மயிரிழை பிசகாமல் செய்துகொடுத்தார்.

2023 அக்டோபர். கடைசி பத்மினி டாக்ஸிக்கு மும்பை பிரியாவிடை கொடுத்துக்கொண்டிருந்த அதே நாட்கள். எங்கள் சொசைட்டியில் கட்டடத்துக்கு அடியிலுள்ள பார்க்கிங்கில், செக்ரட்டரியிடம் 'சர்வீஸ்' என்று புளுகி வண்டியைப் பிரித்துவைத்திருந்தோம். மாஹுல் ரிஃபைனரி வாசனை அன்று கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சகுனம் என்று எடுத்துக்கொண்டோம். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நண்பர் சாவியைத் திருப்பினார். பிடித்துக்கொண்டது! மெல்லிய ஒரு ஊளை, பிரஷர் குக்கர் விசில் வரப்போகும்போது வருமே, அந்த மாதிரி. இரண்டு தடிப்பசங்கள் கண்கலங்கி நின்றோம்.

நான் கையை உள்ளே விட்டு பெல்ட் பக்கத்துக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், கசிவு இருக்கிறதா என்று. இல்லை. கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே "கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் குடுங்க" என்றேன். கொடுத்தார். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பெல்ட் புல்லியை விட்டுக் கழன்று, கிழிந்து, ரேடியேட்டர் விசிறியின் பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்துவிட்டு என் காலடியில் கிடந்தது. அரை நிமிடம் முன்பு என் விரல்கள் இருந்த இடம் அது.

இன்ஜினை அணைத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். பேச்சே இல்லை. சத்தம் கேட்டு இறங்கி வந்த தங்கமணி பெல்ட்டைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மேலே போய்விட்டாள். மூன்று நாள் சாப்பாடு வந்தது, வார்த்தை வரவில்லை.

அன்றிரவு கணக்கைத் திரும்பப் போட்டேன். பிளேட் முறியுமா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். எவ்வளவு வளையும் என்று பார்க்கவே இல்லை. பெல்ட்டின் இழுவையில் ஒரு மில்லிமீட்டர், இன்ஜின் அதிர்வில் இன்னும் கொஞ்சம். வரிப்பள்ளம் போட்ட பெல்ட்டுக்கு அந்தக் கோணல் போதும், ஏறிக் குதிக்க. தகட்டின் கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். கல்லூரி இரண்டாம் வருடப் பாடம். அண்ணாச்சி கேட்ட நாலு நூல் என்பது சரியாக அந்த இரட்டிப்பு.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தாராவிக்கு ஓடினேன். கோணிய பிராக்கெட்டை மேசைமேல் வைத்தேன். சொல்லிக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "கையில ஒண்ணும் படலியே?" பிறகு அரை இஞ்சு பிளேட்டை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். பின்னால் தாங்கும் வைத்தார். அதற்குப் படமே கேட்கவில்லை.

அது நின்றது. நின்ற இடத்தில், சுமையில்லாமல், திடீரென்று அழுத்தினால் கேஜ் முள் ஒரு கணம் மூன்றைத் தாண்டிவிட்டு இறங்கும். அவ்வளவுதான் நாங்கள் கண்ட பூஸ்ட். லாரிக்கும் டிராக்குக்கும் சேர்த்துச் சொன்ன தொகை நண்பருக்குக் கட்டவில்லை, எனக்கும்தான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி, பழைய குழாய், பழைய பெல்ட் மாட்டி, வண்டியைப் பிறந்தபடி ஆக்கினோம். 60 குதிரையோடு மாதுங்காவுக்கு ஓட்டிப்போனார். அவருடைய அம்மா முதல் தடவையாக அதில் ஏறி உட்கார்ந்து கிங்ஸ் சர்க்கிளை ஒரு சுற்று வந்தாராம். "மெதுவா ஓட்டுடா" என்றாராம். அந்த வேகத்துக்கே!

2024ல் தாராவி முழுக்க சர்வே நடந்தபோது ஒருமுறை போயிருந்தேன். அண்ணாச்சியின் கதவிலும் பெயிண்டில் ஒரு நம்பர். லேத்தை எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். "லேத்து நடக்காதுல்லா தம்பி, பாப்பம்" என்றுவிட்டு டீ சொன்னார். வேர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். மாட்டிய இடத்தைப் பார்த்தேன். என் கால் இஞ்சு பிராக்கெட், ஆணியடித்து, கோணல் பக்கம் மேலே பார்த்தபடி.