பச்சை ரத்தக்காரர்கள்

பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த காணொளியில் ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் எங்களை ஒரு பிடி பிடித்திருந்தார். வெளிநாடு போனவனுக்கு உணர்ச்சி மரத்துவிடுகிறதாம், பாதி மனுஷன் பாதி மெஷின் ஆகிவிடுகிறானாம். கூட்டம் விசிலடித்தது. அனுப்பியது சித்தி மகன். "உன்னத்தாண்ணே சொல்றாரு" என்று குரல் பதிவு வேறு.

அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போய் உணர்ச்சி காட்டாத வேற்றுக் கிரகத்து வல்கன்களிடம் வந்து நின்றுவிட்டது.

கனடாவில் நான் இருக்கும் கால்கரியிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் வல்கன் என்றே ஓர் ஊர் உண்டு. சுற்றிலும் கோதுமை வயல், இரண்டாயிரம் பேரைத் தாண்டாத ஜனம். ரயில் பாதை போட்டவர்கள் ரோமானிய நெருப்புக் கடவுளின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார்கள். 1966இல் ஸ்டார் ட்ரெக் தொடர் வந்தது. அதில் கூர்க்காது ஸ்போக்கின் கிரகத்துக்கும் அதே பெயர் அமைய, ஊருக்கு யோகம் அடித்தது. இப்போது அங்கே பீடத்தில் ஏற்றிய விண்கலமும் ஸ்போக்கின் மார்பளவுச் சிலையும் நிற்கின்றன. 2009இல் புதுப்படத்தின் முதல் காட்சியை எங்கள் ஊரில் போடுங்கள் என்று கேட்டார்கள். ஊரில் தியேட்டரே இல்லையே என்று படநிறுவனம் கைவிரித்தது. ஸ்போக்காக நடித்த லெனார்ட் நிமோய் அவர்களுக்காகப் பேசினார். குலுக்கலில் தேர்ந்த முந்நூறு பேர் கால்கரிக்கு வந்து படம் பார்த்தார்கள். அடுத்த வருஷம் அவரே ஊருக்கு வந்துபோனார்.

இந்த நாட்டில் எனக்குப் பிடித்தது இந்த விளையாட்டுப் புத்திதான். பழைய ஐந்து டாலர் நோட்டில் முன்னாள் பிரதமர் லோரியே இருப்பார். அவருக்குப் பேனாவால் கூர்க்காதும் ஏறிய புருவமும் வரைந்து ஸ்போக் ஆக்குவது இங்கே ஒரு பொழுதுபோக்கு. 2015இல் நிமோய் இறந்தபோது அது பெருகியது. சட்டவிரோதம் இல்லை, இருந்தாலும் வேண்டாமே என்று மத்திய வங்கி கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். நம்மூர் நோட்டில் காந்திக்குக் காது வரைந்து பாருங்கள், தெரியும் சேதி.

ஆனால் வேற்றுக் கிரகத்தானுக்குச் சிலை வைக்கும் இதே நாடுதான், வேற்று நாட்டு எஞ்சினியரிடம் "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்கிறது. அது பாகுபாடு என்று ஒன்டாரியோ மாகாண மனித உரிமை ஆணையம் 2013இல் சொல்லியாகிவிட்டது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்போக் இங்கே வேலைக்கு மனுப்போட்டால் முதலில் கிடங்கில் பெட்டி தூக்கத்தான் அனுப்புவார்கள்.

வல்கன் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். ரத்தம் பச்சை. நம் ரத்தத்தில் இரும்பு பார்க்கும் வேலையை அங்கே செம்பு பார்க்கிறது. நண்டுக்கும் செம்பு ரத்தம்தான், ஆனால் நிறம் நீலம். (நிஜப் பச்சை ரத்தம் பார்க்க வேண்டுமென்றால் நியூ கினி அரணைகளிடம் போக வேண்டும், அங்கே நிறம் தருவது பித்த நிறமி.) இதயம், நமக்குக் கல்லீரல் இருக்கும் இடத்தில். "நெஞ்சைத் தொட்டுச் சொல்லு" என்றால் வல்கன் எங்கே தொடுவான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்தும் கிரகம் என்பதால் கண்ணுக்குள் இன்னோர் இமை. பிப்ரவரி வெயில் பனியில் பட்டுத் தெறிக்கும்போது அந்த இமை நமக்கும் இருந்தால் தேவலை என்றிருக்கும்.

என் சித்தி மகனுக்கும் அந்தப் பேச்சாளருக்கும் தெரியாத விஷயம், வல்கன்கள் உணர்ச்சி இல்லாதவர்கள் அல்ல என்பது. கதைப்படி, மனிதர்களைவிடப் பல மடங்கு ஆவேசம் கொண்ட இனம் அது. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு அழியவிருந்த நேரத்தில் சுராக் என்ற ஞானி வந்து, உணர்ச்சியைக் கட்டி வைக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த அமைதி முழுக்கப் பயிற்சி. அப்பா காரியத்தில் நான் கல்லாக நின்றேன் என்று அத்தைகள் இன்றும் சொல்வார்கள். விமானத்தில், பக்கத்து சீட்டுக்காரர் தூங்கும்வரை காத்திருந்து அழப் பழகியவனுக்கு, பந்தலில் திடீரென்று வா என்றால் வராது.

ஸ்போக் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவரே புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளை. நிமோயின் பெற்றோர் உக்ரைனிலிருந்து வந்த யூதர்கள். அப்பா பாஸ்டனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வீட்டில் யிட்டிஷ். ஜெபாலயத்தில் குருமார் ஆசி வழங்கும்போது பார்க்கக் கூடாது என்பார்கள். சிறுவன் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தான். நடுவில் பிரிந்த நான்கு விரல்கள். அதுதான் வல்கன் வணக்கமாகி உலகமெல்லாம் போனது. ஸ்போக்கின் அப்பா சாரெக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மகன் தான் சொன்ன கல்விக்கழகத்தில் சேரவில்லை என்று பதினெட்டு வருஷம் பேசாமலிருந்த மனிதர். இவரைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்கு உரை தேவையில்லை.

ஒரே ஓர் இடத்தில் நான் வல்கன் கட்சியிலிருந்து விலகுகிறேன். அவர்கள் உணவைக் கையால் தொடுவதில்லை. 2001இல் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரில் டிபோல் என்ற வல்கன் பெண், குச்சி ரொட்டியைக்கூட முள்கரண்டியால் அழுத்திப் பிடித்துக் கத்தியால் அறுப்பாள். தொட்டாலே அடுத்தவர் மனதைப் படிக்கிற இனம், அதனால் கைக்கு அத்தனை மரியாதை என்று ரசிகர்கள் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கட்டும். அலுவலகச் சாப்பாட்டு அறையில் நானும் முள்கரண்டிதான். வீட்டுக்கு வந்து, சூடான சோற்றில் வத்தக்குழம்பை ஊற்றி, நல்லெண்ணெய் விரலிடுக்கில் வழியப் பிசையும் சுகத்தை எந்தத் தர்க்கத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒப்பாரியையும் அப்படித்தான் சொல்வேன். மார்பில் அடித்து, செத்தவரின் கணக்கு வழக்கையெல்லாம் பாட்டில் கொட்டித் தீர்த்துவிட்டு எழுந்து காபி குடிக்கும் எங்கள் கிழவிகளுக்குச் சுராக் தேவைப்பட்டதே இல்லை.

கட்டி வைத்தது எங்காவது உடையத்தான் செய்யும். வல்கன்களுக்கு அது ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, பான் ஃபார் என்ற பெயரில். ரத்தம் கொதிக்கும், கை நடுங்கும்; பிறந்த மண்ணுக்குப் போய், ஏழு வயதில் பெரியவர்கள் நிச்சயித்து வைத்த துணையைச் சேர வேண்டும், இல்லையென்றால் சாவு. 1967இல் தியடோர் ஸ்டர்ஜன் எழுதிய அத்தியாயத்தில் ஸ்போக் இதற்கு உவமை சொல்வது, பிறந்த ஓடைக்கே திரும்பும் சால்மன் மீனை. அதே மீன் பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆடம்ஸ் ஆற்றில் வருஷாவருஷம் எதிர்நீச்சல் போடுகிறது. உடம்பெல்லாம் சிவந்து வரும் அதைப் பார்க்கக் குடும்பத்தோடு போய் நின்று போட்டோ எடுக்கிறோம்.

அந்த அத்தியாயத்தில் என்னை அசைத்தது சண்டையோ கல்யாணமோ இல்லை, லீவு. ஸ்போக் ஊருக்குப் போயாக வேண்டும் என்று தெரிந்ததும், மேலிடத்து உத்தரவை மீறி, வேலையே போனாலும் போகட்டும் என்று கேப்டன் கர்க் விண்கலத்தையே திருப்புகிறார். எங்கள் மாகாணமான ஆல்பர்ட்டாவின் சட்டம் நெருங்கிய உறவினர் சாவுக்குத் தருவது வருஷத்துக்கு மூன்று நாள், அதற்கும் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. கால்கரியிலிருந்து கிளம்பி, இரண்டு இடத்தில் விமானம் மாறி, திருச்சியில் இறங்குவதற்குள் அதில் பாதி போய்விடுகிறது.